மேற்கே இருந்து வர வேண்டிய மேகம்

என் கணவர் கணக்கு வாத்தியார். எதையும் நிபந்தனை போட்டுச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தி. நான் வேலையை விட்ட அன்று எங்கள் பாளையங்கோட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் மூன்று வரி எழுதினார். ஒன்று, ஆள் நமக்குத் தெரியாதவராக இருக்க வேண்டும். இரண்டு, நாம் கெஞ்சியிருக்கக் கூடாது. மூன்று, ஒரு தடவையோடு விட்டிருக்கக் கூடாது. எழுதி முடித்து, பரீட்சை ஹாலில் வினாத்தாள் கொடுப்பதுபோல் என் பக்கம் தள்ளினார்.

விஷயம் இதுதான். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக நான் பல வருடம் அதே மேசையில் உட்கார்ந்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆரம்பித்தது அப்படியே நீண்டுபோய், கம்பெனிக்கு ஒரு கட்டடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது. திடீரென்று ஒரு நாள், எல்லோரும் ஆபீசுக்குத் திரும்ப வேண்டும் என்று ஓலை வந்தது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவர் வர முடியாது. நான் மட்டும் போய் விடுதியில் தங்கி, சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கி, ஞாயிறு சாயங்காலம் மறுபடி பஸ் ஏற வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஒன்றரை நாள் பெண்டாட்டியாக இருக்க எனக்கு இஷ்டமில்லை.

"ஒரு கல்வியாண்டு குடுங்க. சொந்தமா ஏதாவது செஞ்சு பாக்கேன்" என்று என் கணவரிடம் கேட்டேன். என் மேலதிகாரி நல்ல மனிதர். ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை வரை என் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் நான் செய்த ஏதோ ஒன்றை, அந்த மூன்று நிபந்தனைக்கும் பொருந்துகிற ஒரே ஓர் ஆள் பயன்படுத்தினால் நான் இங்கே இருப்பேன். இல்லாவிட்டால் பெங்களூர்.

"ஒத்த ஆள்தானே? இவ்வளவு லேசாவா போடுவிய?" என்று கேட்டேன்.

"லேசாத்தான் தெரியும். செஞ்சு பாரு" என்றார்.

முதலில் செய்தது ஓர் இணையதளம். பேருந்து நிலையத்துக்குப் போய், பலகையில் பெயின்ட்டால் எழுதியிருந்த நேரங்களை ஒன்றுவிடாமல் படம் எடுத்து வந்தேன். சேரன்மகாதேவிக்கு எப்போது வண்டி, திருச்செந்தூருக்கு எப்போது வண்டி என்று தட்டினால் உடனே சொல்லும்படி செய்தேன். மேலே ஒரு நீலக்கோடு தாமிரபரணியாக ஓடும். அதன் கரையில் ஒரு சின்னச் சிவப்புப் பேருந்து போகும். அந்தப் பேருந்தின் சக்கரம் சரியாகச் சுற்றுவதற்கு மட்டும் இரண்டு நாள் செலவழித்தேன். ஒரு வாரம் நானே அதைத் திறந்து திறந்து பார்த்துப் பூரித்துப்போனேன்.

பிறகு ஒரு நாள் அதை நம்பி சேரன்மகாதேவிக்குப் புறப்பட்டேன். முக்கால் மணி நேரம் நின்றும் வண்டியைக் காணவில்லை. எனக்குக் கோபம் வந்தால் மூக்குச் சிவந்துவிடும். சிவந்த மூக்கோடு போய், டீ குடித்துக்கொண்டிருந்த நடத்துநர் ஒருவரிடம் போனை நீட்டினேன்.

"அண்ணாச்சி, ஒம்பது இருவது வண்டி எங்க?"

அவர் போனை வாங்கித் தள்ளிப் பிடித்து உற்றுப் பார்த்தார். "இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"அந்தப் பலகையப் பாத்தா எழுதுனிய? அதுக்குக் கீழ சாக்பீஸ்ல எழுதிருக்கும்லா, அதுதாம்மா நேரம். வண்டி ஒம்பது அஞ்சுக்கே போயிட்டு."

கீழே சாக்பீஸில் இருந்ததை நானும் பார்த்திருந்தேன். யாரோ கிறுக்கியது என்று நினைத்து, படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் எழுதியிருந்தேன். சாக்பீஸ் நேரமோ மாதத்துக்கு ஒரு முறை மாறும், மாறியது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நடத்துநர் என் சிவப்புப் பேருந்தை இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்து, "வண்டி நல்லா ஓடுது" என்று ஆறுதல் சொன்னார். அவர் கண்டிப்பாகத் தெரியாத ஆள்தான். ஆனால் ஒரு தடவையோடு விட்டுவிட்டார்.

இரண்டாவது, எங்கள் சபை அசனத்துக்காக ஒரு மொபைல் செயலி. அசனம் என்றால், வருடத்துக்கு ஒருமுறை சபை மொத்தமும் சேர்ந்து காய் நறுக்கி, சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. முதல் நாள் சாயங்காலம் யார் எந்த வேலை செய்வது என்பதில் எப்போதும் கூச்சல் குழப்பம்தான். அதை நான் தீர்த்துவைக்கிறேன் என்று கிளம்பினேன். செயலியைத் திறந்தால் வெங்காயம் உரித்தல், தேங்காய் துருவுதல், தண்ணீர் சுமத்தல், பரிமாறுதல் என்று பட்டியல் வரும். அவரவர் விருப்பப்படி ஒன்றைத் தொட்டால் போதும். எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், மூன்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்திலிருந்தே இதைச் சொன்னார். சபையில் பாதிப்பேர் தொட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

அசனத்துக்கு முதல் நாள் பார்த்தால், ஆண்கள் எல்லோரும் பரிமாறுதலைத் தொட்டிருந்தார்கள். பெண்கள் எல்லோரும் பாயசத்தைத் தொட்டிருந்தார்கள். வெங்காயத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது என் கணவருடையது. செயலி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க நான் போட்ட பெயர் அது, அழிக்க மறந்துவிட்டேன். சொன்ன சொல் தவறாத மனிதர், சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு மூட்டை வெங்காயத்தின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். "பரிமாறுத ஆளுவ எல்லாம் மொதல்ல இங்கன வெங்காயத்துக்கிட்ட வாங்க வே!" என்று ஒரு சத்தம் போட்டதும் ஐந்து நிமிடத்தில் வேலை சரியாகிவிட்டது.

"இதுவும் சேராது. எல்லாரும் தெரிஞ்ச ஆளு. ஐயரு மூணு வாரம் கெஞ்சிருக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார் என் கணவர். கண்ணீர் வெங்காயத்தால் வந்தது.

இதையெல்லாம் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வருடம் நான் இருந்த சந்தோஷத்தில் வேறு எந்த வருடமும் இருந்ததில்லை. காலையில் அவர் சைக்கிளில் பள்ளிக்கூடம் கிளம்பியதும் மேசையைத் துடைத்து மடிக்கணினியைத் திறப்பேன். யாரும் கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நான் எழுதிய வரி தப்பென்றால் தப்பு உடனே என் முகத்தில் வந்து அடிக்கும், சரியென்றால் திரையில் ஏதோ ஒன்று அசையும். அசைகிற ஒவ்வொரு தடவையும் தனியாக உட்கார்ந்து கை தட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "வீட்ல யாரும் பாடுதாவளா?" என்று விசாரித்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் விளையாட்டில் இறங்கினேன். ஒரு மொட்டை மாடி. வெள்ளைத் துணியில் அப்பளம் காய்கிறது. இடப்பக்கத்தில், அதாவது மேற்கே, மலை. எவ்வளவு நேரம் வெயிலில் காய்கிறதோ அவ்வளவு மதிப்பெண். திடீரென்று வானம் இருட்டி மழை வரும். அதற்குள் அப்பளத்தை விரலால் இழுத்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். ஒரு மாடியை முடித்தால் அடுத்த மாடி. எனக்கு இது பிரமாதமாகத் தோன்றியது. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் போனைக் கொடுத்தேன். எல்லோரும் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, "நல்லாருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். "நல்லாருக்கு" என்பதைவிட மோசமான சொல் நம் பாஷையில் கிடையாது. திட்டினாலாவது எங்கே தப்பு என்று தெரியும்.

என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கூடம் நடத்துகிறாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிற இடம். உண்மையான மாடியைப் பார்த்துப் படம் வரைந்தால் விளையாட்டுக்கு உயிர் வருமோ என்று, தை மாதத்தில் ஒரு நாள் செங்கோட்டை ரயிலில் ஏறிப் போனேன். வழியெல்லாம் வயல் பச்சையாக இருந்தது; நான் அதைப் பார்க்காமல் அடுத்த மாடிக்கு என்ன நிறம் போடலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கை நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. தோழி என் விளையாட்டைப் பற்றிச் சொன்னதும், வாசலோரம் இருந்த ஓர் அக்கா மாவுக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். மற்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவர் ஒரு நிமிடம் ஆடினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன கூழ்வத்தலா?"

"இல்லக்கா, அப்பளம்."

"அப்பளத்த எவளாவது உச்சி வெயில்ல போடுவாளா?"

கூடமே சிரித்தது. ஒருத்தி சிரித்த சிரிப்பில் குழவியை உருட்டிவிட்டாள். "வெயில்ல கெடந்தா நெளிஞ்சி வெடிச்சிப் போவும்லா! இவங்க அதுக்கு மார்க்கு வேற போடுதாவ!" என்று அந்த அக்கா போனை எல்லோருக்கும் காட்ட, இன்னொரு சுற்றுச் சிரிப்பு. என் மூக்கு சிவந்தது. இந்த முறை கோபத்தால் அல்ல.

எங்கள் வீட்டில் அப்பளம் எப்போதும் பாக்கெட்டில்தான் வரும். நாங்கள் மாடியில் காயப் போடுவது கூழ்வத்தல் மட்டும்தான். அதற்கு எவ்வளவு வெயில் கொடுத்தாலும் தகும். இரண்டும் எண்ணெயில் பொரிகிறதே, இரண்டும் ஒரே மாதிரிதான் காயும் என்று கேள்வியே கேட்காமல் எழுதியிருக்கிறேன். தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏளா, நாலு வருசம் எங்க வீட்டு அப்பளத்தத் தின்னுருக்க. அது எப்படிக் காயுதுன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

பிறகு மாடிக்குக் கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரம் இளவெயில் காட்டி, உடனே நிழலுக்கு இழுத்தார்கள். ஓர் அப்பளத்தை எடுத்து லேசாக வளைத்துப் பார்த்தார்கள். வளைந்தால் சரி. ஒடிந்தால் வெயில் கூடிவிட்டது. ஒன்றோடொன்று ஒட்டினால் வெயில் போதவில்லை. அந்த அக்கா துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கும் வெயிலுக்குமாகப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. என் விளையாட்டில் இருந்த ஒரே எதிரி மழை. அது வரும்வரை ஆடுகிறவருக்குச் சும்மா இருப்பதைத் தவிர வேலையே இல்லை. இங்கேயோ வெயிலும் வேண்டும், வெயிலே எதிரியும்கூட. சும்மா இருக்க ஒரு நிமிடம் கிடையாது. நான் அந்த மாடியிலேயே கை தட்டிவிட்டேன். "இந்தப் பிள்ளைக்கு வெயிலு ஏறிட்டு" என்றார் அக்கா.

படம் ஒன்றும் வரையாமலே திரும்பி வந்தேன். பழைய விளையாட்டை முழுக்க அழித்து, மாசி முடியும்வரை புதிதாக எழுதினேன். இப்போது நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். துணியை அதோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். அசந்தால் அப்பளம் நெளியும், பயந்து நிழலிலேயே வைத்திருந்தால் ஒட்டிக்கொள்ளும். வானம் சும்மா இருட்டுவதற்குப் பதிலாக நிஜமாகவே ஒரு மேகம் நகர்ந்து வரும்படி செய்தேன். தோழிக்கு அனுப்பியதும் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனுக்குச் சண்டை நடக்கிறது என்று செய்தி வந்தது.

"அவங்க தெரிஞ்சவங்க" என்றார் என் கணவர்.

"ஒரு நா மட்டும் கண்டும் காணாம இருந்தா என்ன கொறஞ்சிரும்?" என்று கத்தினேன்.

"நீயே ஒத்துக்க மாட்ட" என்றார். அது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

பங்குனியில் விளையாட்டைப் பொதுவில் வெளியிட்டேன். யாரும் எங்கிருந்தும் எடுத்து ஆடலாம். சொந்தக்காரர்கள் தெரிந்துகொண்டு வரிசையாக வந்து ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். தூத்துக்குடிச் சித்தப்பா, "சூப்பர், கர்த்தர் உன்னை உயர்த்துவார்" என்று எழுதினார். என் பெரியம்மா மருமகன், "அருமை. பஸ் நேரம் சரியாகக் காட்டுகிறது" என்று எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். காலையில் எழுந்ததும் பார்ப்பேன், அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பார்ப்பேன், பால் பொங்கி வழிந்த பிறகும் பார்ப்பேன். கை தட்டுவது நின்றுவிட்டது. விடுதிகளின் முகவரியை அவருக்குத் தெரியாமல் தேட ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் வந்தால் திரையை மாற்றிவிடுவேன்.

கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது. அவர் பரீட்சை வேலையாகப் பள்ளிக்கூடம் போயிருந்தார். நாற்காலி எனக்கே வேண்டும் என்று மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் ஒருமுறை விளையாட்டின் பக்கத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு கருத்து. ஒற்றை நட்சத்திரம்.

"நாலு நாளா ஆடுதேன். அஞ்சாவது மாடியத் தாண்ட முடியல. வெயில்ல அப்பளம் நெளியுதது எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மலை இடப்பக்கம் நிக்கி, மேகம் வலப்பக்கம் இருந்து வருது. கோடை மழை மலையில இருந்துலா வரும்? நான் மலையையே பாத்துக்கிட்டு இருக்கேன், மழை எனக்குப் பின்னால வந்து கொட்டிருது. திசை தெரியாத ஆளு எதுக்கு அப்பளம் காயப் போடணும்?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மேகம் முதலில் இடப்பக்கமிருந்துதான் வந்தது. அந்த மூலையில் மதிப்பெண்ணை வைத்திருந்தேன், மேகம் அதை மறைத்தது, அதனால் மேகத்தைத் தூக்கி வலப்பக்கம் போட்டேன். மழையின் திசையையே மாற்றியிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி மழை கிழக்கே இருந்துதானே வரும் என்று பதில் தட்ட ஆரம்பித்தேன். ஐப்பசி அடைமழையில் எவள் அப்பளம் காயப் போடுவாள் என்று தோன்றியதும் அழித்தேன். வேறு எப்படித் திட்டலாம் என்று அந்தக் கருத்தை மறுபடி படித்தபோதுதான் முதல் வரி கண்ணில் பட்டது.

நாலு நாளா ஆடுதேன்.

எழுந்து நின்றுவிட்டேன். பெயரைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண். நான் கேள்விப்படாத பெயர். யாரும் கேட்காமல், யாரும் கெஞ்சாமல், எங்கேயோ உட்கார்ந்து நாலு நாள் என் மாடியில் அப்பளம் காயப் போட்டிருக்கிறாள். மழையில் நனையவிட்டுக் கோபப்பட்டிருக்கிறாள். கோபத்தில் மறுபடியும் ஆடியிருக்கிறாள். இந்தத் தடவை கை தட்டினேனா, கத்தினேனா தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே வந்து பார்த்தார்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து மேகத்தை மேற்கே கொண்டுபோனேன். மதிப்பெண்ணை வலப்பக்கத்துக்குத் தள்ளினேன். மேகம் மலையுச்சியைத் தொட்டு, கொஞ்சம் தயங்கி, அப்புறம் மாடியைப் பார்த்து இறங்கும்படி செய்தேன். அவர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. வாசலிலேயே போனை நீட்டினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தார்.

"உங்க சித்தப்பா மக யாராவதா இருக்கப் போறா."

"நம்ம சொந்தத்துல எவளாவது ஒத்த ஸ்டார் போடுவாளா? தொறந்து பாக்காமலே அஞ்சு போடுத கூட்டம்லா!"

அவர் யோசித்தார். "தெரியாத ஆளு" என்று ஒரு விரலை மடக்கினார். "கெஞ்சல." இன்னொரு விரல். "நாலு நாளு." மூன்றாவது விரலையும் மடக்கினார். "அந்த ஆபீசருக்கு எழுதிட்டியா?"

மேகத்தை நகர்த்திய மும்முரத்தில் அது மறந்தே போயிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தே காலையில் எழுதிய கடிதத்தை அழித்து, வரவில்லை, நன்றி என்று இரண்டே வரியில் அனுப்பினேன்.

நிமிர்ந்து பார்த்தால் அவரைக் காணோம். உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பரணில் கிடந்த எங்கள் பெரிய நீலப் பெட்டி. தூசி துடைத்து, ஜிப்புக்கு எண்ணெய் போட்டிருந்தது. திறந்தால் உள்ளே ஒரு புதுப் போர்வை, ஒரு தம்ளர், ஒரு பூட்டு, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்.

"இது எப்ப எறக்குனிய?"

"பங்குனில. நீ மொகம் செத்துப் போயி இருந்தல்லா, அப்ப."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொன்னா நெசமாயிருமோன்னு பயம்" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வருடம் முழுக்க விறைப்பாக நிபந்தனை பேசிக்கொண்டிருந்த மனிதர், எனக்குத் தெரியாமல் நான் போவதற்கு ஊறுகாய் வாங்கி வைத்திருக்கிறார். போர்வையை எடுத்துக் கட்டிலில் விரித்தார். ஊறுகாயை என் கையில் கொடுத்தார். பெட்டியை மூடி, ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணின் கடைசி மூலைக்கு, இனி யாருக்கும் எட்டாத இடத்துக்கு, அதைத் தள்ள ஆரம்பித்தார். நான் ஒரு கையில் பாட்டிலோடு, இன்னொரு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "ஏளா, அழுதா அழு. ஸ்டூல ஆட்டாத."